பார்த்த படத்தைப் பற்றி நாலு வரி: எங்கே சொல்வது?

படம் முடிந்து எழுந்திருக்கும்போதே கை போனைத் தேடுகிறது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பெரிய விமர்சனம் எழுதும் உத்தேசமெல்லாம் கிடையாது. "முதல் பாதி செம, அப்புறம் இழுவை" என்ற அளவில் ஒரு கருத்து, அவ்வளவுதான். அதை நண்பர்கள் குழுவில் போடுவதா, ஸ்டேட்டஸாக வைப்பதா, எக்ஸில் எழுதுவதா, லெட்டர்பாக்ஸ்ட் என்ற படக் குறிப்பேட்டுத் தளத்தில் பதிவதா, இல்லை ஒருவருக்கு மட்டும் குரல் பதிவு அனுப்பிவிட்டுத் தூங்கப் போவதா?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தடவை சூடு பட்டவர்கள். சாதாரணமாகப் போட்ட ஒரு வரிக்கு யாரோ முன்பின் தெரியாதவர் வந்து சண்டைக்கு நின்றிருப்பார். அல்லது மெனக்கெட்டு எழுதியதை ஒருவரும் சீண்டியிருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் எழுத்துத் திறமையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கருத்து ஒரு அளவில் இருக்கிறது, அதைப் போட்ட இடம் வேறு அளவில் இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கேட்கிறவருக்கு உங்கள் ரசனை தெரியுமா? தெரிந்தவரிடம் "ஒருமுறை பார்க்கலாம்" என்று சொன்னால் போதும். பேய்ப்படம் என்றாலே ஓடுகிற ஆள் நீங்கள், நீங்களே ஒரு பேய்ப்படத்தை அப்படிச் சொல்கிறீர்கள் என்றால் படத்தில் ஏதோ இருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டுக்கொள்வார். தெரியாதவருக்கு அதே இரண்டு சொற்களில் ஒன்றுமே இல்லை. (சொல்லப்போனால் "ஒருமுறை பார்க்கலாம்" என்பதைப் பாராட்டாகவும் கேட்டிருக்கிறேன், நாசூக்கான திட்டாகவும் கேட்டிருக்கிறேன், டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் பக்கத்தில் நிற்கும்போது சொல்லும் சமாளிப்பாகவும் கேட்டிருக்கிறேன்.) ஆகவே, உங்களைத் தெரியாத கூட்டத்திடம் பேசப் போனால் ஒரு வரி பத்து வரியாக வேண்டியிருக்கும். அந்த ஒன்பது வரிதான் பலரும் முதலில் கணக்கில் எடுக்காத செலவு.

இரண்டாவது, ஆயுள். அடுத்த வருடம் "அந்தப் படம் பார்த்தேனே, பிடிச்சிருந்ததா?" என்று உங்களுக்கே சந்தேகம் வரும்போது நீங்கள் சொன்னது கைக்குக் கிடைக்குமா? நிற்கும் என்று நம்பிய இடமும் நிற்காமல் போகலாம். படத் தகவல்களைத் திரட்டி வைக்கும் ஐஎம்டிபி தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் உரையாடல் பலகை இருந்தது. 2017 பிப்ரவரியில் அதை மூடிவிட்டார்கள். அங்கே வருடக்கணக்கில் மக்கள் பேசியிருந்ததெல்லாம் தளத்தை விட்டே போய்விட்டது.

மூன்றாவது, ஸ்பாய்லர், அதாவது இன்னும் பார்க்காதவருக்குக் கதையைப் போட்டு உடைத்துவிடுவது. நான்காவது, பதில் எப்படி வரும் என்பது: எல்லார் முன்னிலையிலா, தனியாகவா? கடைசியாக, மனம் மாறினால் திருத்த முடியுமா? இதை லேசாக நினைக்க வேண்டாம். படம் முடிந்த அன்றிரவு இருக்கும் கருத்தும் ஒரு வாரம் கழித்து இருக்கும் கருத்தும் பல நேரம் வேறு வேறு. அன்றிரவு பின்னணி இசையும் கூட்டத்தின் விசிலும் காதில் இருக்கும். ஒரு வாரம் கழித்துக் கதை மட்டும் நிற்கும், அல்லது அதுவும் நிற்காது.

ஸ்பாய்லர் பற்றி ஒரு கிளைச் செய்தி. 2011-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 12 சிறுகதைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படித்தவர்கள், தெரியாமல் படித்தவர்களை விடச் சற்றே அதிகமாகக் கதையை ரசித்ததாக அதில் வந்தது. இதைக் கையில் வைத்துக்கொண்டு குழுவில் க்ளைமாக்ஸைப் போட்டு உடைக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. சிறுகதை வேறு, முதல் நாள் டிக்கெட்டுக்கு அலைந்தவரின் கோபம் வேறு.

ஒப்பிட வசதியாக ஒரு கற்பனைப் படத்தை எடுத்துக்கொள்வோம். பெரிய நடிகர் படம். முதல் பாதி கலகலப்பு. பின்பாதி சண்டைக்கு மேல் சண்டை. நாயகனின் தங்கையாக நடித்தவர் மட்டும் ஒரு காட்சியில், ஆஸ்பத்திரி வராந்தாவில் போனைக் காதில் வைத்தபடி ஒன்றும் பேசாமல் நிற்கும் காட்சியில், மொத்தப் படத்தையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறார். இதை ஒவ்வோர் இடத்திலும் எப்படிச் சொல்வது?

## நண்பர்கள் வாட்ஸ்அப் குழு

இங்கே அது இப்படித்தான் வரும்:

"பாத்துட்டேன்டா. ஃபர்ஸ்ட் ஹாஃப் ஜாலி. அப்புறம் அடி அடின்னு அடிச்சிட்டே இருக்காங்க, நான் நடுவுல மெசேஜ் செக் பண்ணேன்னா பாத்துக்கோ. ஆனா அந்தத் தங்கச்சி கேரக்டர்… பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்."

இதில் விமர்சனம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் "நான் நடுவுல மெசேஜ் செக் பண்ணேன்" என்ற ஒரு துண்டு, உங்களைத் தெரிந்தவர்களுக்கு முழு மதிப்பெண் பட்டியல். படம் ஓடும்போது போனைத் தொடாத ஆள் நீங்கள் என்று அவர்களுக்குத் தெரியும். முதல் அளவுகோலில் குழுவை அடிக்க எதுவும் இல்லை.

செலவுகள் வேறு பக்கம் ஒளிந்திருக்கின்றன. குழுவில் எல்லாரும் ஒரே நாளில் படம் பார்ப்பதில்லை. பார்த்த இருவர் பேச ஆரம்பித்தால், பார்க்காத எட்டுப் பேர் குழுவையே திறக்காமல் தவிர்க்க வேண்டிய நிலை. நீளமான செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடித்து "மேலும் படிக்க" என்று காட்டும் என்பதால் சிலர் மேலே வெற்று வரிகளை அடுக்கி, கதையைக் கீழே தள்ளிவிடுவார்கள்; பழைய தந்திரம், இன்றும் உதவும். டெலிகிராம் குழுவாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஸ்பாய்லர் வரியை மட்டும் மறைத்து, தொட்டால்தான் தெரியும்படி வைக்கலாம்.

இன்னொரு செலவு, தேடல். குழுவில் சொன்னது மறுநாள் காலை வணக்கப் படங்களுக்குக் கீழே புதைந்துவிடும். தேடிப் பார்க்கலாம், ஆனால் நீங்கள் படத்தின் பெயரையே எழுதவில்லை, "பாத்துட்டேன்டா" என்றுதான் எழுதினீர்கள், எதைத் தேடுவீர்கள்? முதல் வரியில் படத்தின் பெயரை எழுதும் பழக்கம் மட்டும் இருந்தால் இதில் பாதி சரியாகிவிடும். குழுவில் மறையும் செய்திகள் வசதியை யாராவது இயக்கி வைத்திருந்தால் அதுவும் பயனில்லை: 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று எதை வைத்தார்களோ அதற்குப் பிறகு எல்லாம் காலி.

குடும்பக் குழு, அலுவலகக் குழு பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை. அங்கே படக் கருத்து சொன்னவர்களுக்குத் தெரியும்.

குழு சரிப்படும் நேரம்: படம் சுமார், பேச்சு சுவாரசியம். எல்லாரும் கலாய்க்கக் காத்திருக்கும் படத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

## ஒருவருக்கு மட்டும் குரல் பதிவு

இதை ஏனோ பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. தியேட்டரை விட்டு நடந்துகொண்டே பேசி அனுப்பும் இரண்டு நிமிடப் பதிவில், எழுத்தில் வராத ஒன்று வரும்: நீங்கள் எந்த இடத்தில் தயங்குகிறீர்கள் என்பது. "நல்லாதான்… இருந்துச்சு" என்பதை எழுத்தில் எழுதினால் "நல்லாதான் இருந்துச்சு" என்று ஆகிவிடும். அந்த நடு இடைவெளிதான் கருத்தே.

கேட்பவர் பக்கம் பார்த்தால் சிரமம். எழுத்தை மேலோட்டமாகப் பார்த்து, ஸ்பாய்லர் வரும் இடத்தில் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். காதைத் திருப்ப முடியாது. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டலாம் என்பது ஓரளவு ஆறுதல், ஆனால் அந்த வேகத்தில் மேலே சொன்ன தயக்கம் காணாமல் போய்விடும். பிறகு தேடி எடுப்பதும் பெரும்பாடு.

எல்லாரும் கொண்டாடும் படம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் இதுதான் சரியான வழி. பொதுவில் எழுதினால் வித்தியாசமாகத் தெரிய ஆசைப்படுகிறார் என்பார்கள். உங்கள் குரலைத் தெரிந்த ஒருவர் அப்படி நினைக்க மாட்டார், "ஏன்டா, என்னாச்சு?" என்றுதான் கேட்பார்.

## ஸ்டேட்டஸ்

போஸ்டர் ஒன்று, கீழே ஒரு வரி, 24 மணி நேரத்தில் தானாக மறைவு. உழைப்பு மிகக் குறைவு.

இதன் நல்ல குணம் பதில் வரும் விதத்தில் இருக்கிறது. ஸ்டேட்டஸுக்கு வரும் பதில் தனிச் செய்தியாக உங்களுக்கு மட்டும் வருகிறது. குழுவில் வாயே திறக்காத ஒருவர் "நானும் பாத்தேன், எனக்கும் அந்தத் தங்கச்சிதான்" என்று இங்கே வந்து சொல்வார். பல வருடம் பேசாத பள்ளித் தோழர் ஒரு பட போஸ்டரைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பதும் இங்கேதான் நடக்கிறது.

செலவு: யார் பார்க்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்த நாளில் மதியக் காட்சி டிக்கெட்டைப் படம்பிடித்து ஸ்டேட்டஸ் வைப்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. யாரையெல்லாம் விலக்குவது, யாருக்கு மட்டும் காட்டுவது என்று அமைப்பில் தேர்வு செய்யலாம். ஒருமுறை உட்கார்ந்து செய்துவிட்டால் தொல்லை இல்லை. இன்னொன்று, ஒரு வரிக்கு மேல் சொல்ல இருந்தால் ஸ்டேட்டஸ் தாங்காது. "செம", "மொக்கை", "வெறித்தனம்" என்ற மூன்றுக்குள் ஒன்றில் போய் முடியும்.

## எக்ஸ், ஃபேஸ்புக்: பொதுவில் போடுவது

"முதல் பாதி கலகலப்பு, இரண்டாம் பாதியில் சண்டைக்குப் பின் சண்டை. அரை மணி நேரம் வெட்டியிருந்தால் நல்ல படம். தங்கையாக வருபவர் வசனமே இல்லாத ஒரு காட்சியில் எல்லாரையும் தாண்டிவிடுகிறார்."

குழுவில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜாலி போய்விட்டது, நியாயம் வந்துவிட்டது. பொதுவில் எழுதும்போது நம்மை அறியாமலேயே நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறோம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு எக்ஸில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 280 என்ற எல்லை நாம் எண்ணும் எழுத்தைக் கணக்கில் கொள்வதில்லை; புள்ளி, கால், கொம்பு, சுழி எல்லாம் தனித்தனியே கழிகின்றன. "படம் நல்லாயிருக்கு" என்பதில் நம் கணக்கில் 10 எழுத்தும் ஓர் இடைவெளியும். அங்கே 18 கழிந்துவிடும். மேலே உள்ள மூன்று வாக்கியங்களுக்கே சுமார் 180 போய்விட்டது. ஆக, ஒரு பதிவில் 30 சொற்களைக் கொஞ்சம் தாண்டினால் இடம் முடிந்தது. ரசனை தெரியாத கூட்டத்திடம் பேச அதிக வரிகள் வேண்டும் என்று சொன்னேனே, அந்த வரிகளுக்கு இடமில்லாத இடத்தில்தான் அந்தக் கூட்டமே இருக்கிறது. சண்டை வராமல் என்ன செய்யும்?

பெரிய நடிகர் படமாக இருந்தால் இன்னும் ஒன்று. ரசிகர்கள் நடிகரின் பெயரைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் உங்கள் நூறு பேருக்கு எழுதியதாக நினைக்கும் வரி, தேடல் வழியாக உங்களைத் தெரியாதவர்களிடம் போகும். அதில் "இழுவை" என்ற சொல் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டுத் திரும்பி வரும், தங்கை நடிப்பைப் பாராட்டியது வராது. நடிகர் பெயரையும் ஹேஷ்டேகையும் தவிர்த்தால் பாதி வெப்பம் குறையும். யார் பதில் எழுதலாம் என்பதையும் பதிவிடும்போதே குறைத்து வைக்கலாம். எழுதியதைத் திருத்துவது மட்டும் கட்டணம் செலுத்துபவர்களுக்கே கிடைக்கும் வசதி. மற்றவர்களுக்கு அழிப்பது ஒன்றே வழி, அதற்குள் யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருப்பார்கள்.

ஃபேஸ்புக் இதில் கொஞ்சம் சாந்தம். ஒவ்வொரு பதிவுக்கும் யார் பார்க்கலாம் என்று தனியாக வைக்கலாம், நீளமாக எழுதலாம், திருத்தலாம், ஆனால் திருத்திய வரலாற்றை மற்றவர்களும் திறந்து பார்க்க முடியும் என்பது நினைவில் இருக்கட்டும். வருடம் கழித்து அதே தேதியில் நினைவுகளாக எடுத்துக் காட்டுவது, நாம் ஒரு காலத்தில் எதையெல்லாம் காவியம் என்று எழுதினோம் என்று பார்க்க உதவும். சங்கடமாகவும் இருக்கும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: சின்னப் படத்துக்குப் பொதுவெளிதான் சிறந்தது, சந்தேகமே இல்லை. விளம்பரம் இல்லாமல் வந்து நாலு காட்சிகளோடு போகப்போகிற படத்தைப் பற்றி நீங்கள் குழுவில் பேசிப் பத்துப் பேருக்குத்தான் தெரியும். பொதுவில் எழுதும் நாலு வரி, அந்தப் படத்தைப் பற்றி அன்று யாராவது தேடினால் கிடைக்கும் சொற்ப வரிகளில் ஒன்றாக இருக்கும். பெரிய படத்தைப் பற்றிய உங்கள் கருத்து கடலில் கரைத்த பெருங்காயம். சின்னப் படத்துக்கு அதே கருத்து ஒரு டிக்கெட்.

## லெட்டர்பாக்ஸ்ட் போன்ற படக் குறிப்பேடு

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மேத்யூ புக்கானன், கார்ல் வான் ரான்டோ என்ற இருவர் 2011-ல் தொடங்கியது. பார்த்த தேதியோடு படத்தைப் பதியலாம், அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து வரை போடலாம், விரும்பினால் நாலு வரி எழுதலாம். மறுபடி பார்த்தது என்றால் அதையும் குறிக்கலாம். ஸ்பாய்லர் இருக்கிறது என்று ஒரு டிக் போட்டுவிட்டால் படிப்பவர் தொடும்வரை விமர்சனம் மறைந்தே இருக்கும். மேலே பார்த்த எல்லா இடங்களிலும் இருந்த தொல்லை இங்கே ஒரு டிக்கில் தீர்கிறது.

இங்கே நம் கற்பனைப் படம் இப்படி வரும்:

"தியேட்டரில், இரவுக் காட்சி, தனியாக. பின்பாதியில் இரண்டு தடவை மணி பார்த்தேன். வராந்தாவில் தங்கை போனோடு நிற்கும் காட்சிக்காக இன்னொரு முறை பார்ப்பேன், அதுவும் அந்த இடம் வரை மட்டும்."

ஆயுள் என்ற அளவுகோலில் இதற்குத்தான் முதலிடம். எல்லாவற்றையும் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாகத் தரவிறக்கிக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பதால், நாளை தளத்துக்கு எது நடந்தாலும் உங்கள் பட்டியல் உங்களிடம் இருக்கும். தொடர்ந்து எழுதினால் முதல் அளவுகோலும் மெல்ல மெல்ல நிறைவேறும். முன்பின் தெரியாதவர்கூட உங்கள் பழைய பதிவுகளைப் புரட்டி, "இவருக்குச் சண்டைப் படமே ஆகாது போல" என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ப உங்கள் கருத்தை எடுத்துக்கொள்வார். வேறெந்தப் பொது இடத்திலும் இது இவ்வளவு எளிதாக நடப்பதில்லை.

செலவு என்ன? படம் பார்க்கும்போதே "இதுக்கு மூன்றரையா, மூன்றா?" என்று மனதுக்குள் ஓட ஆரம்பித்துவிடும். வருடக் கடைசியில் எத்தனை படம் என்று எண்ணிக்கை பெருக்குவதற்காக இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் படமாகத் தேடத் தொடங்குவீர்கள். ஒரு வரி நகைச்சுவைக்குத்தான் அங்கே இதயங்கள் குவியும் என்பது சீக்கிரமே புரிந்துவிடும். புரிந்த பிறகு நேர்மையாக எழுதுவது கொஞ்சம் கடினம். தமிழில் எழுதத் தடையேதும் இல்லை, ஆனால் அங்கே பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால் தமிழ் வரிகளுக்கு வாசகர் குறைவு. படங்களின் விவரம் டிஎம்டிபி என்ற பொதுப் பங்களிப்புத் தளத்திலிருந்து வருகிறது. நீங்கள் பார்த்த குறும்படம் அங்கே இல்லையென்றால் முதலில் அதை அங்கே சேர்க்க வேண்டும்.

நண்பர்கள் யாரும் அங்கே இல்லை என்றால் பதில் வராது. பதில் வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் மட்டும் போதாது.

## யூடியூப், ரீல்ஸ்

சுருக்கமாக: லேசான கருத்துக்கு இது தேவையில்லை. கேமரா முன் உட்கார்ந்ததும் லேசான கருத்து கனமாகிவிடும், முகபாவனை வேண்டும், தலைப்பில் ஆச்சரியக்குறி வேண்டும். படத்தின் காட்சித் துண்டையோ பாட்டையோ சேர்த்தால் தளத்தின் தானியங்கிச் சோதனை பிடித்து உரிமைக் கோரிக்கை வரலாம். பேசுவதில் உண்மையிலேயே விருப்பம் இருந்து, வாரம் தவறாமல் செய்வேன் என்பவர்கள் செய்யலாம். "படம் பார்த்தேன், சொல்லணும் போல இருந்தது" என்பவர்களுக்கு மேலே உள்ளவையே அதிகம்.

## போன் நோட்ஸில் எழுதி வைப்பது

பகிர்வதே இல்லையே, இது எப்படி இந்தப் பட்டியலில் என்று கேட்கலாம். சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. மற்றவர் கருத்தைப் பார்த்தால் நம் கருத்து நகர்கிறது. 2013-ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது: ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில் சில கருத்துகளுக்கு மட்டும் ஆய்வாளர்களே தற்செயலாகத் தேர்ந்தெடுத்து ஆரம்பத்தில் ஒரு விருப்ப வாக்கைப் போட்டுவிட்டார்கள். அந்த ஒரே ஒரு வாக்கால் அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியது. படத்துக்கும் இதேதான் நடக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, ஆனால் 4.2 என்ற சராசரியைப் பார்த்த பிறகு இரண்டு நட்சத்திரம் போடக் கை கூசுவது நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

ஆகவே எங்கே போடுவதாக இருந்தாலும், எதையும் திறக்கும் முன் நோட்ஸில் மூன்று விஷயம்: எப்படிப் பார்த்தேன் (தியேட்டரா, போனிலா, நடுநடுவே நிறுத்தியா), எந்தக் காட்சி நிற்கிறது, எங்கே மணி பார்த்தேன். ஒரு நிமிட வேலை. போனில் மூன்று தவணையாகப் பார்த்துவிட்டு "வேகமே இல்லை" என்று எழுதும் அநியாயத்தை முதல் குறிப்பே தடுத்துவிடும்.

## நட்சத்திரம் போடலாமா, சொல்லில் சொல்லலாமா

இது இடத்தைப் பற்றிய கேள்வி அல்ல என்றாலும், எல்லா இடத்திலும் வந்து நிற்கும் கேள்வி.

எண்கள் ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை. 1998-ல் தொடங்கிய, விமர்சனங்களைத் தொகுக்கும் தளமான ராட்டன் டொமேட்டோஸின் விமர்சகர் சதவீதம், படம் எவ்வளவு நல்ல படம் என்பதைச் சொல்வதில்லை. எத்தனை விமர்சகர்களுக்குப் பரவாயில்லை என்றாவது தோன்றியது என்பதைச் சொல்கிறது. பத்து விமர்சகர்களும் சொல்லிவைத்தாற்போல் "பத்துக்கு ஆறு, சுமார்" என்ற தொனியில் பாராட்டியிருந்தால் அங்கே 100 சதவீதம் வரும். ஐந்து பேர் தலையில் வைத்துக் கொண்டாடி ஐந்து பேர் திட்டினால் 50. எந்தப் படத்துக்கு நீங்கள் போவீர்கள்? நான் இரண்டாவதுக்குத்தான் போவேன். ஐஎம்டிபி மதிப்பெண்ணும் எல்லா வாக்கையும் கூட்டி வகுத்த நேரடிச் சராசரி அல்ல, எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்புத் தராத எடையிட்ட சராசரி.

உங்கள் மூன்று நட்சத்திரத்துக்கும் இதே கதிதான். ஒருவருக்கு மூன்று என்றால் நல்ல படம், இன்னொருவருக்கு மூன்று என்றால் தோல்வி. லெட்டர்பாக்ஸ்டில் நட்சத்திரம் வேறு, பிடித்தது என்று குறிக்கும் இதயம் வேறு என்று பிரித்து வைத்திருப்பது இதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. இரண்டரை நட்சத்திரமும் ஓர் இதயமும் போட்ட படங்கள் எல்லாரிடமும் இருக்கும்: குறை தெரியும், ஆனால் சேனல் மாற்றும்போது வந்தால் கை ரிமோட்டைக் கீழே வைத்துவிடும்.

உங்களுக்கு மட்டுமான பட்டியல் என்றால் நட்சத்திரம் போடுங்கள். போன வருடம் பார்த்தவற்றை வரிசைப்படுத்த உதவும். பிறருக்கு என்றால் எண்ணை விட்டுவிட்டு ஒரு காட்சியைச் சொல்லுங்கள். "3.5" என்பதில் யாரும் பேச்சைத் தொடர முடியாது. "அந்த வராந்தா சீன்" என்றால் தொடரும்.

## ஒரே பார்வையில்

| இடம் | ரசனை தெரிந்தவர்களா | எவ்வளவு காலம் | ஸ்பாய்லர் | தெரியாமல் போகும் செலவு |
|---|---|---|---|---|
| வாட்ஸ்அப் குழு | ஆம் | இருக்கும், கிடைக்காது | கஷ்டம் | பார்க்காதவர்களின் எரிச்சல் |
| குரல் பதிவு | மிக நன்றாக | அவ்வளவாக இல்லை | கட்டுப்படுத்த முடியாது | கேட்பவரின் நேரம் |
| ஸ்டேட்டஸ் | பாதிப் பேருக்கு | 24 மணி நேரம் | ஒரு வரிக்குள் வராது | யார் பார்க்கிறார் என்ற மறதி |
| எக்ஸ் | பெரும்பாலும் இல்லை | நீங்கள் அழித்தாலும் இருக்கலாம் | உங்கள் பொறுப்பு | வெட்டி எடுக்கப்படும் வரி |
| ஃபேஸ்புக் | நண்பர்களுக்கு மட்டும் என்றால் ஆம் | நீண்ட காலம் | உங்கள் பொறுப்பு | பழைய பதிவின் சங்கடம் |
| லெட்டர்பாக்ஸ்ட் | போகப்போக | நீண்ட காலம், தரவிறக்கலாம் | ஒரு டிக் | எண்ணிக்கை மோகம் |
| நோட்ஸ் | நீங்களேதான் | போன் மாற்றும்வரை, அல்லது சேமித்தால் | தேவையில்லை | பேச ஆள் இல்லை |

## அப்போது எதைத் தேர்வது

ஒன்றே ஒன்று போதும் என்பவருக்கு: படம் பார்ப்பதில் உங்களுக்குச் சுவை பேச்சா, கணக்கா என்று பாருங்கள். படம் முடிந்ததும் டீக்கடை வாசலில் நின்று பேசுவதுதான் படத்தின் மூன்றாம் பாதி என்று நினைப்பவர் குழுவோடு நின்றுவிடலாம். பார்த்ததெல்லாம் எங்கோ பதிவாகாவிட்டால் தூக்கம் வராதவருக்கு லெட்டர்பாக்ஸ்ட்.

இரண்டு வைத்துக்கொள்ள முடியும் என்றால் என் சிபாரிசு, அன்றிரவு குழு, ஒரு வாரம் கழித்துக் குறிப்பேடு. சூடான கருத்து, ஆறினால் மாறக்கூடியது என்பதால், அழிந்தாலும் பரவாயில்லாத இடத்துக்குப் போகட்டும். நிற்கப்போகும் இடத்தில் நின்ற கருத்தை எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து எழுத ஒன்றுமே தோன்றவில்லை என்றால் வெறும் தேதியை மட்டும் பதியுங்கள். அதுவும் அந்தப் படத்தைப் பற்றிய ஒரு கருத்துதான்.

பொதுவெளியைச் சின்னப் படங்களுக்கும், எல்லாரும் மறந்துவிட்ட பழைய படங்களுக்கும் ஒதுக்குங்கள். பெரிய படம் வெளியான வாரத்தில் அங்கே வாய் திறக்காமல் இருப்பதால் எதுவும் குடிமுழுகிப் போகாது. அப்படியும் சொல்லியே தீர வேண்டும் என்றால் இரண்டாவது வாரம் வரை பொறுங்கள். அதற்குள் சண்டை போட வந்தவர்கள் அடுத்த படத்துக்குப் போயிருப்பார்கள், ஸ்பாய்லர் பயமும் குறைந்திருக்கும், படத்தை உண்மையாகவே பேச விரும்புகிற நாலு பேர் மிஞ்சியிருப்பார்கள்.

பாதியில் எழுந்து வந்த படம் என்றால், எங்கே எழுதினாலும் "பாதிதான் பார்த்தேன்" என்று முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். பின்பாதியில்தான் கதையே என்று யாராவது வந்து நிற்பார்கள். நிற்கட்டும், அந்தக் கதையையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.